மணமகள் அறையில் மான்கொம்புகள்

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டுதான் கொம்பைத் தொடுவாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டால் கண் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து ஏதாவது சொல்லிவிடும், விரல் அதற்குத் தலையாட்டிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் முதலில் விரல், அதிலும் வலது கைக் கட்டைவிரல். கொம்பின் நுனி வழுக்குவது பெரிய சங்கதி இல்லை. மான் உயிரோடு இருக்கும்போதே மரத்தில் உரசி உரசி நுனியை வழவழப்பாக்கி வைத்துவிடும். நுனிக்குக் கீழே தண்டுதான் முக்கியம். அங்கே இயற்கையிலேயே வரி வரியாக, மேடும் பள்ளமுமாக, சொரசொரவென்று இருக்கும். அந்த இடம் வழுக்கினால் யாரோ சீவியிருக்கிறார்கள், தேய்த்திருக்கிறார்கள், தினமும் உள்ளங்கைக்குள் வைத்துத் தோலிலோ பாயிலோ குத்திக் குத்தி வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது அது கருவி. இல்லாவிட்டால் சும்மா கொம்பு. இவ்வளவுதான் அவளுடைய வித்தை, இதற்குத்தான் இருபத்துச் சொச்சம் வருசமாக அவளை ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உப்போடைமேட்டில் குழியில் இறங்குகிறவர்கள் முதல் அகழாய்வு டைரக்டர் தேவசகாயம் வரை, மண்ணுக்குள்ளிருந்து ஒரு கொம்பு தலைகாட்டினால் ‘அக்கா கை வைக்கட்டும்’ என்பார்கள். இன்றைக்கு வந்திருக்கும் துண்டு ஒரு சாண் நீளம், மிளா என்கிற பெரிய மானின் கொம்புக் கிளை, நுனி கூராக முழுசாக இருக்கிறது. கட்டைவிரலை அடியிலிருந்து மேலே ஓட்டினாள், திருப்பி ஓட்டினாள். வழவழவென்றுதான் இருந்தது. கருவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முன்னெல்லாம் இந்த வார்த்தையைச் சொல்லும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும், அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வரிசையாகப் பாத்திரம் துலக்குகிறவள் அடுத்த பாத்திரத்தை எடுப்பது போலத்தான் இப்போது ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இது ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறை. ஊர்க்காரர்கள் எல்லாம் பைபாஸ் ரோட்டில் வந்த ஏசி மண்டபத்துக்குப் போய்விட்டார்கள், இந்த மண்டபம் புறாக்களுக்கு என்று ஆகிக் கிடந்தது, அகழாய்வுக்காரர்கள் வந்து வாடகைக்கு எடுத்தார்கள். பந்திக் கூடத்தில் பானை ஓடுகள், மணமகன் அறையில் இரும்பு, மணமகள் அறையில் எலும்பும் கொம்பும். இப்படிப் பிரித்தவன் எவனோ குசும்பு பிடித்தவன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, அதன் ஓரத்தில் இங்கே அலங்காரம் பண்ணிக்கொண்ட பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பும் அரக்குமாகக் காய்ந்து கிடக்கின்றன. நிமிர்ந்தால் அந்தக் கண்ணாடியில் தன் முகம் தெரியும் என்பதால் உலகம்மை அதிகம் நிமிர்வதில்லை. மேலே மின்விசிறி கடமைக்குச் சுற்றுகிறது. சித்திரை வெயில் ஓட்டுக்கு மேலே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தேவசகாயம் வந்து இந்தத் துண்டைக் கேட்பான். நாளைக்குச் சென்னையிலிருந்து குழு வருகிறது, கொம்புப் பட்டறையைப் பார்க்க. ஆமாம், பட்டறை. ஒரே குழியிலிருந்து இத்தனை கொம்புக் கருவிகள் கிடைத்தால் அங்கே உட்கார்ந்து யாரோ செய்திருக்க வேண்டும் அல்லவா. பேப்பரில் வந்துவிட்டது, டி.வி.யில் வந்துவிட்டது, வாசலில் கட்டுவதற்கு ஒரு பெரிய பேனர் கூட அடித்து வைத்திருக்கிறான், மூங்கில் கம்போடு அது நடைவாசலில் சாய்ந்து நிற்கிறது. அடுத்த வருசமும் தோண்டலாம் என்று குழு சொல்லிவிட்டால் இந்த ஊரில் மண் அள்ளுகிற இத்தனை பேருக்கும் வேலை. எல்லாம் அவள் கட்டைவிரலிலிருந்து புறப்பட்டு வந்தது. அதை நினைத்துப் பெருமைப்பட வேண்டும், பட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம், பட்ட மாதிரித் தெரியவில்லை.

எதுவும் தெரியவில்லை, அதுதான். மாசியில் அப்பா போனதிலிருந்து இப்படி. போனதிலிருந்தா, போகும்போதேவா. தங்கச்சி ஆவுடையைக் கேட்டால் போகும்போதே என்பாள். அப்பா பிரமநாயகம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர், கீபோர்டைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகளின் கண்ணைத் தன் கைக்குட்டையால் கட்டிவிடுகிற மனுசன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் விரல்கள் போர்வை மேல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தன. அன்றைக்குப் பிற்பகல் ஆவுடை காபி வாங்கக் கீழே போயிருந்தாள், உலகம்மை அவர் கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். உப்போடைமேட்டைப் பற்றித்தான். முதல் கொத்துக் கருவிகள் வந்திருந்த சமயம் அது, அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்கும், நடுவே நடுவே ‘அப்புறம்’ என்பார். அன்றைக்கு அவர் ‘அப்புறம்’ என்று சொல்லவில்லை. தூங்குகிறார் போல, தூங்கினாலும் காது கேட்கும் என்று இவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடை காபியோடு வந்தாள், டம்ளரை வைத்தாள், அப்பா நெற்றியைத் தொட்டாள், கையைத் தொட்டாள். ‘சில்லுன்னு கெடக்காரே’ என்றாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்து, ‘நீ கையப் பிடிச்சிட்டுத்தான இருக்க, தெரியல?’ என்றாள். தெரியவில்லை. எப்போது போனார், எந்த வாக்கியத்தில் போனார், இவள் மிளாக்கொம்பைப் பற்றிச் சொல்லும்போதா, பட்டறை என்று சொல்லும்போதா, தெரியவில்லை. செத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் வாய்க்கரிசி போடும்போது, போட்டாயிற்று என்று கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஆவுடைதான் இழுத்து நிறுத்தி விரல்களைப் பிரித்துக் காட்டினாள், பாதி அரிசி உள்ளங்கையிலேயே இருந்தது. பெரியம்மா ஒருத்தி, ‘கல்லு கணக்கா நிக்கா’ என்றாள். அழவில்லை. அழவேண்டும் என்று காத்திருந்தாள், இப்போது வரும், பந்தலைப் பிரித்ததும் வரும், பதினாறு கழிந்ததும் வரும் என்று. வரவில்லை. அதற்கப்புறம் ஆவுடை போன் பண்ணுவதில்லை, இவள் பண்ணினால் ‘ம்’ கொட்டுவாள். கல்நெஞ்சுக்காரி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அப்படியும் ஒரு மனுசி இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் உலகம்மை தன்னைப் பற்றி முடிவு கட்டி வைத்திருந்தாள். எலும்போடும் கொம்போடும் பழகினவள், செத்ததைத் தொட்டுத் தொட்டு மரத்துப் போய்விட்டாள் என்று. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. அடுத்த துண்டை எடுத்தாள், கண்ணை மூடினாள், ஓட்டினாள், வழவழ. இதுவும். இடதுகால் செருப்பைக் காணோம் என்று ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரி சொன்னது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. ‘ஏம்மா, ஒத்தக் கால்ல செருப்பு இல்லாம இந்த வெயில்ல நடக்கீங்களே’ என்றாள். குனிந்து பார்த்தால் இடதுகால் வெறுங்காலாக, தார் ஒட்டிக்கொண்டு. எங்கே கழன்றதோ. திரும்பி நடந்து தேடினாள், ரெண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை வாசலில் யாரோ ஓரமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். டாக்டரிடம் சொன்னதற்கு, ‘சர்க்கரை கூடிட்டே போகுதும்மா, காலை நல்லாப் பாத்துக்கோங்க, காலுதான் முதல்ல போகும்’ என்றார். காலைப் பார்த்துக்கொண்டாள். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினாள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டாள், அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் முதலில் கேலி பண்ணினார், அப்புறம் அவரே கட்டிலுக்கடியில் செருப்பை எடுத்து வைத்தார். காலு முதல்ல என்றால் ரெண்டாவது என்று ஒன்று இருக்கும் அல்லவா, அதை டாக்டர் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. டீ கொண்டு வந்தால் கண்ணாடி டம்ளரை மற்றவர்கள் துண்டால் பிடிப்பார்கள், இவள் மட்டும் வெறுங்கையால் பிடித்துக் குடித்துவிட்டு வைப்பாள். ‘அக்கா கை இரும்புக் கை’ என்று சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். கையைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, ஏனென்றால் அது அக்கா கை. அந்தக் கையைச் சந்தேகப்பட வேண்டும் என்றால் சந்தேகப்படுவதற்கும் அந்தக் கைதான் வேண்டும்.

மிளாக்கொம்பை உறையில் போட வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த சாமான்களுக்கு ஜிப் வைத்த பாலிதீன் உறை, வாயை அழுத்தித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்து இழுத்தால் திறக்கும். சமீபகாலமாக இந்த உறைகள் சரியில்லை, எங்கே திறக்கிறது எங்கே மூடுகிறது என்றே பிடிபடுவதில்லை, மட்டமான சரக்கு வாங்கிப் போடுகிறார்கள் என்று ஸ்டோர்காரனை ரெண்டு தடவை வைதிருக்கிறாள். இன்றைக்கும் அது திறக்க மறுத்தது. ரெண்டு கையும் வேண்டியிருந்தது. கொம்பை மேசையில் வைத்தால் உருண்டுவிடும் என்று, சேலைக்கு ஊக்குக் குத்தும்போது அதை வாயில் கவ்விக்கொள்கிற பழக்கத்தில், அந்தத் துண்டின் தண்டை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். செய்யக் கூடாத காரியம். எச்சில் படக் கூடாது, மற்றவர்கள் செய்தால் இவளே காதைத் திருகுவாள். கவ்வினாள், உறையைப் பிரிக்க இழுத்தாள், நின்றாள். உதட்டில் என்னமோ நறநறத்தது. மண் ஒட்டியிருக்கும். வாயிலிருந்து எடுத்து, தூரிகையால் துடைத்து, கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். மண் இல்லை. வழவழ. மறுபடி உதட்டில் வைத்தாள். சொரசொர. பலாப்பழத் தோல் இல்லை, அவ்வளவு இல்லை, தேங்காய்ச் சிரட்டையின் வெளிப்பக்கம் போல, வரி வரியாக, பள்ளம் பள்ளமாக. கட்டைவிரல். வழவழ. உதடு. சொரசொர. ஒரே இடம், ஒரே தண்டு. நிமிர்ந்துவிட்டாள். கண்ணாடியில் பொட்டுகளுக்கு நடுவில் ஒரு நரைத்த பொம்பளை, வாயில் மான்கொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லை, உதடு வெடித்திருக்கும், வெயில் காலம். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சொரசொர. முழங்கைக்கு மேலே உள்பக்கம் வைத்துப் பார்த்தாள், சொரசொரதான், கோடுகூட விழுந்தது. அப்புறம் ஒரு காரியம் செய்தாள், அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று செய்யும்போதே தோன்றியது. கைப்பையை இழுத்து, அதன் ஜிப்பின் பல்லில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினாள். பித்தளைப் பல். ரிப்பன் மாதிரி இருந்தது. சீப்பை எடுத்துப் பல் பக்கம் எது, முதுகுப் பக்கம் எது என்று பார்த்தாள். ரெண்டும் முதுகாக இருந்தது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்த இடம், காரை பூசின தரை, தூரிகையின் மயிர், எல்லாமே யாரோ பொறுப்பாக உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றி வைத்த மாதிரி. உலகத்தில் இருக்கிற அத்தனையும் கருவி. உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது, வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள், இந்தப் பருவத்தில் அவள் கருவி என்று சொன்னவை, பஞ்சு விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், கைக்குழந்தைகளைப் போல. ஒவ்வொன்றாக உதட்டில் வைத்தாள். சொரசொர. சொரசொர. தை மாதத்தில் வந்த ஒன்றே ஒன்று வழுக்கியது, அது நிஜம், அது போகட்டும். மற்றது எல்லாம் சொரசொர. லென்ஸை எடுத்தாள், இந்தத் தடவை கண் முதலில் பார்க்கட்டும். தண்டில் வரிசை வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன, அவை முதல் நாளிலிருந்தே இருந்தன, அவள் அவற்றைப் பார்த்திருக்கிறாள், கத்தியால் சீவின தடம் என்று சொல்லியிருக்கிறாள். விரல் வழவழ என்று சொல்லிவிட்ட பிறகு கண் வேறென்ன சொல்லும், சீவினதுக்கு மேலே தேய்த்திருக்கிறார்கள் என்று அதுவும் ஒத்து ஊதிவிட்டது. கத்தி போன பள்ளம் ஒடுக்கமாக, அடி கூராக இருக்கும். இது அகலமாக, அடி தட்டையாக, ரெண்டு ரெண்டாக ஜோடி சேர்ந்து போகிறது. ரெண்டு முன்பல். முள்ளம்பன்னி. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைச் சுண்ணாம்புச் சத்துக்காக இழுத்துக்கொண்டு போய்த் தன் வளைக்குள் சேர்த்து வைத்துக் கொறிக்கும், ஒன்று ரெண்டு இல்லை, குவியல் குவியலாக. வகுப்பில் முதல் பாடம் இது. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

எல்லாம் உதிர்ந்த கொம்பு, ஒன்றுகூட மண்டையோட்டிலிருந்து வெட்டி எடுத்ததில்லை. அதுவும் தெரியும். பட்டறை என்றால் சீவல் கிடக்க வேண்டும், பாதியில் உடைந்தது கிடக்க வேண்டும், செய்து பார்த்துச் சரிவராமல் தூக்கிப் போட்டது கிடக்க வேண்டும். ஒன்றும் கிடக்கவில்லை. தேவசகாயம் கேட்டான், ‘சீவல் ஒண்ணும் காணுமேக்கா’ என்று. ‘சுத்தமான ஆட்கள் தம்பி, வேலை முடிஞ்சதும் பெருக்கி அள்ளியிருப்பாங்க’ என்றாள். அவனும் அதை எழுதிக்கொண்டான். மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் விளக்குமாற்றோடு ஒரு குடும்பத்தை உட்கார வைத்துவிட்டாள், முள்ளம்பன்னியின் வீட்டில். நாற்காலியில் உட்கார்ந்தாள். பயம் வரவேண்டிய இடம் இது, வந்தது, ஆனால் தூரத்தில் யாரோ வேறொருத்திக்கு வந்தது போல வந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன. குழுவில் வருகிறவர்களும் ‘அம்மா கை வச்சதா’ என்றுதான் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது. விரல் நாளைக்கே சரியாகிவிடலாம், மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. விரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன. வைத்துக்கொண்டால், எந்த நாளிலிருந்து வைத்துக்கொள்வது. தையிலிருந்து. தையிலிருந்து விரல் நன்றாக இருந்தது என்றால் மாசியிலும் நன்றாக இருந்தது. மாசியில் நன்றாக இருந்தது என்றால், அப்பா கை சில்லிட்டுக்கொண்டே போனபோது அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தாள் என்று ஆகும். ஆவுடை சொல்லாமல் சொல்கிறது சரி என்று ஆகும். கட்டைவிரலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள், நகம், ரேகை, காய்ப்பு எல்லாம் இருந்தது. இது செத்த விரல் என்றால் உப்போடைமேட்டில் ஒன்றுமில்லை, இருபத்துச் சொச்சம் வருசத்தில் எது எது இந்த விரல் உயிரோடு இருந்தபோது சொன்னது, எது செத்தபின் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, இனி அவளை ஒரு ஊரும் கூப்பிடாது. ஆனால் இது செத்த விரல் என்றால் அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அப்பா போனது அவளுக்குத் தெரியாமல் போனது நெஞ்சினால் இல்லை. ரெண்டில் ஒன்றுதான். ரெண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தாள், மின்விசிறியும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, வழி இல்லை.

தேவசகாயம் உள்ளே வந்தான். சட்டை முழுக்க மண், நெற்றியில் தொப்பி அழுத்தின தடம். அவளைவிட ஏழெட்டு வயசு இளையவன், அவளிடம் பயிற்சிக்கு வந்தவன், இப்போது டைரக்டர் ஆன பிறகும் இந்த அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவான்.

“என்னக்கா, கை வச்சாச்சா? நாளைக்கு இதத்தான் நடுவுல வைக்கணும்னு இருக்கேன்.”

“உக்காரு தேவா. இது கருவி இல்ல.”

“சரி, போட்டும். மத்தது இருக்குல்லா.”

“மத்ததும் இல்ல. ஒண்ணத் தவிர எல்லாம் முள்ளம்பன்னி கொறிச்சது. அது வளை தேவா. பட்டறை இல்ல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் லென்ஸை எடுத்து ஒரு துண்டைப் பார்த்தான், இன்னொன்றைப் பார்த்தான். ஜோடிப் பள்ளத்தைப் பார்த்திருப்பான், பார்க்கத் தெரிந்தவன்தான். ஆனாலும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கதான கை வச்சுச் சொன்னிய. ஒங்க கை தப்பாச் சொல்லாதுக்கா” என்றான்.

“கையில உணர்ச்சி இல்ல. செத்துப் போச்சு. எல்லாத்தையும் வழவழன்னுதான் சொல்லுது.”

“சும்மா இருங்கக்கா. வெயிலு. காலைலேந்து ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கிய.”

“நான் கண்ண மூடிக்கிடுதேன். நீ எதையாவது கட்டைவிரல்ல வையி. என்னதுன்னு சொல்லுதேன். சொல்லிட்டேன்னா எல்லாம் கருவிதான், பேனரக் கட்டிரு.”

வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். கண்ணை மூடினாள். இருட்டுக்குள் கட்டைவிரல் இருக்கும் இடத்துக்கு மனசை முழுக்க அனுப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பந்திக் கூடத்தில் ஓடுகளைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. புறா ஒன்று ஓட்டுக்கடியில் நடந்தது. நாற்காலி கிரீச்சிட்டது, தேவசகாயம் முன்னால் குனிந்திருப்பான், அவன் சட்டையிலிருந்து வேர்வையும் ஈர மண்ணும் கலந்த வாசம் வந்தது. எதை வைப்பான், தூரிகையா, சாவியா, கொம்பின் நுனியா. எதுவானாலும் இப்போது சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை, கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, அது வந்ததில் அவளுக்கே அதிர்ச்சி. விரல் நன்றாகவே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிசம் வேண்டிக்கொண்டாள். உடனே, வேண்டாம், செத்ததாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவன் தயங்குகிறான். இளகின மனசு அவனுக்கு, அக்காவைச் சோதித்துப் பார்ப்பதா என்று கூச்சப்படுகிறான்.

“வையி தேவா. பயப்படாத.”

ஒன்றுமில்லை.

“நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சும்மா வையி.”



“வச்சுட்டுத்தான்க்கா இருக்கேன்” என்றான்.

கண்ணைத் திறந்தாள். மிளாக்கொம்பின் நுனியை அவன் அவள் கட்டைவிரல் சதையில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். அடியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று பல தடவை இழுத்திருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்திருந்தன.

கொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் எழுந்தான். “குழுவுக்கு என்னக்கா சொல்லுறது?” என்றான், அவளிடம் கேட்ட மாதிரியும் இல்லை.

“முள்ளம்பன்னின்னு சொல்லு. நான் சொல்லுதேன். நான்தான சொன்னேன், நானே வந்து சொல்லுதேன்.”

அவன் தலையாட்டினான். வெளியே போய்ச் செருப்பைப் போட்டான், நடைவாசலில் மூங்கில் கம்பு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது, பேனரை எங்கேயோ எடுத்துக்கொண்டு போகிறான். உலகம்மை போனை எடுத்தாள். தொட்டால் தொட்டது தெரியாது என்பதால் கண்ணால் பார்த்துப் பார்த்து ஆவுடையின் பெயரை அழுத்தினாள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தாள்.

“ம்” என்றாள் ஆவுடை.

“ஆவுடை, எனக்குக் கையில உணர்ச்சி இல்லட்டி. சர்க்கரை. இப்பத்தான் தெரியும். மாசிலயே இருந்திருக்காது. அப்பா கைய நான் பிடிச்சிருந்தேன், ஆனா சூடா சில்லானு என் கைக்குத் தெரியலட்டி.”

போனை வைத்துவிட்டாளோ என்று உலகம்மை திரையைப் பார்த்தாள், வைக்கவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தாள்.

“அப்ப நீ பேசிட்டு இருந்தியே,” என்றாள் ஆவுடை. “நான் வரும்போது நீ அப்பாட்ட பேசிட்டு இருந்தியே.”

“அப்பா கேட்டுட்டு இருக்காருன்னுதாம்ட்டி நெனச்சேன்” என்றாள் உலகம்மை.